அணுகு காட்சியும் பதிப்பு நெறியும்: கோள்களின் விண்கலப் படங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கோள் ஒன்றை நெருங்கும் விண்கலம் அனுப்பும் படங்கள், அக்கோளின் நேரடித் தோற்றமாகவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. அவை காலத் தெரிவு, முகத் தெரிவு, நிறத் திருத்தம் ஆகிய பதிப்புச் செயல்களின் வழியே உருவாகும் பனுவல்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மாரினர் 4, வாயேஜர் 1, நியூ ஹொரைசன்ஸ், வாயேஜர் 2 ஆகிய நான்கு விண்கலங்களின் அணுகு படங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மூலம், உரை, பாடவேறுபாடு என்னும் தமிழ்ப் பதிப்பியல் கருத்தாக்கங்கள் ஆய்வுக் கருவிகளாகப் பயன்படுத்தப்படுகின்றன. படக்குறிப்பை இழந்த படம் எவ்வாறு பிழையான அறிவாக நிலைபெறுகிறது என்பது நெப்டியூன் கோளின் நிறத்தைச் சான்றாகக் கொண்டு விளக்கப்படுகிறது. தமிழ் அறிவியல் எழுத்தில் கோள்களின் நிறத்தைச் சுட்டுவதற்கு மூன்று கலைச்சொற்கள் முன்மொழியப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அணுகு காட்சி, படக்குறிப்பு, பதிப்பியல், இயல்நிறம், மிகைநிறம், குறிநிறம், வாயேஜர், நெப்டியூன்.

முன்னுரை

தொலைவில் ஒரு புள்ளி; பின்னர் ஒரு சிறு வட்டு; அதன்பின் பட்டைகளும் புள்ளிகளும் கொண்ட ஒரு முகம்; இறுதியில் மலையும் பள்ளமுமாக விரியும் நிலப்பரப்பு. கோளை நெருங்கும் விண்கலத்தின் படவரிசை இவ்வாறு அமைகிறது. இவ்வரிசையைக் காண்போர், விண்கலத்தின் சாளரத்தருகே அமர்ந்து தாமே அக்கோளை நெருங்குவதாக உணர்கின்றனர். அவ்வுணர்வே இப்படங்களின் ஆற்றல். ஆய்வு நோக்கில் ஐயத்திற்கு உரியதும் அதுவே.

இக்கலங்களில் சாளரம் இல்லை, காண்பவரும் இல்லை. ஒளியை எண்களாக மாற்றும் கருவியும், அவ்வெண்களைப் புவிக்கு அனுப்பும் வானலைத் தொடர்பும், அவற்றைப் பெற்றுப் படமாக்கும் குழுவும் உள்ளன. பெறப்படும் எண்களை மூலச்சுவடி எனக் கொண்டால், வெளியிடப்படும் படம் அச்சுவடியின் ஒரு பதிப்பு. உடன்வரும் படக்குறிப்பு அதன் உரை. சுவடியிலிருந்து நூலைப் பதிப்பித்தலின் இடர்ப்பாடுகளை நன்கறிந்த தமிழ் ஆய்வுலகிற்கு இவ்வொப்புமை புதியதன்று. விண்கலப் படங்களுக்கு அதனைப் பொருத்திப் பார்க்கும்போது, எவை வெளிப்படையான பதிப்புகள், எவை தம் பதிப்புத்தன்மையை மறைப்பவை என்று பகுத்தறிய இயல்கிறது. அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்களிலிருந்து படம்: மாரினர் 4

1964 நவம்பர் 28-இல் ஏவப்பட்ட மாரினர் 4, 1965 ஜூலை மாத நடுவில் செவ்வாயை ஏறக்குறைய 9,800 கி.மீ. தொலைவில் கடந்து சென்றது. மற்றொரு கோளை அருகிலிருந்து எடுத்த முதல் படங்கள் இக்கலத்தினுடையவை. 21 முழுப் படங்களும் 22-ஆவதன் ஒரு பகுதியும் கிடைத்தன. ஒவ்வொரு படமும் 200 வரிகளும் வரிக்கு 200 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவும் 64 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. நொடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்று மிகுதியான வேகத்தில் அவை அனுப்பப்பட்டதால், ஒரு படம் புவியை வந்தடைய எட்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று.

முறையான படம் உருவாகும் வரை காத்திராமல், ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் பொறியாளர்கள் எண்கள் அச்சிடப்பட்ட தாள்பட்டிகளைச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறம் என வகுத்துக்கொண்டு, வண்ணச் சுண்ணக்கட்டிகளால் தீட்டினர். செவ்வாயின் விளிம்பு அவ்வாறு கையால் தீட்டப்பட்ட ஓவியமாகவே முதலில் உருப்பெற்றது. அவ்வோவியம் பின்னர்ச் சட்டமிடப்பட்டு ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டது.

பதிப்பியல் நோக்கில் இவ்வோவியம் மிகுந்த நேர்மையுடையது. நிறங்களுக்கு அடியில் எண்கள் இன்றும் தெரிகின்றன. மூலமும் அதன்மேல் பதிப்பாசிரியர் செய்த செயலும் ஒரே தாளில் பிரித்தறியத்தக்கனவாய் நிற்கின்றன. இங்குள்ள நிறம் ஒளிச்செறிவின் குறியீடு. அதனைச் செவ்வாயின் நிறமென்று எவரும் மயங்க வேண்டியதில்லை.

எனினும் இப்படங்களின் பொருள்கோளில் ஒரு பிழை நேர்ந்தது. கிடைத்த படங்கள் செவ்வாயின் பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே காட்டின. அப்பங்கில் கிண்ணக்குழிகள் மிகுந்திருந்தமையால், செவ்வாய் நிலவைப் போன்ற மாற்றமற்ற உலகம் என்ற கருத்து வலுப்பெற்றது. 1971 நவம்பரில் மாரினர் 9 அங்குச் சென்றடைந்தபோது கோள் முழுவதும் புழுதிப் புயலால் மூடப்பட்டிருந்தது. புழுதிக்கு மேல் சில கரும்புள்ளிகளே தென்பட்டன. புயல் அடங்கியபின் அப்புள்ளிகள் மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் என அறியப்பட்டன. மிகப்பெரிய பள்ளத்தாக்குத் தொடரும் வெளிப்பட்டது. சில பாடல்களை மட்டும் கொண்டு ஒரு தொகைநூலின் பொதுப் பண்பை வரையறுப்பதன் இடர் இங்கும் உள்ளது. படம் பிழையற்றது, பகுதியை முழுமையாகக் கொண்ட வாசிப்பே பிழையுடையது.

காலத் தெரிவு: வாயேஜர் 1-இன் வியாழன் படக்காட்சி

அணுகு காட்சிகளுள் பெரும்புகழ் பெற்றது வாயேஜர் 1 எடுத்த வியாழன் படத்தொடர். 1979 ஜனவரி 6 முதல் பிப்ரவரி 3 வரை, கலம் ஏறக்குறைய 5 கோடியே 80 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்து 3 கோடியே 10 லட்சம் கி.மீ. தொலைவு வரை நெருங்கிய காலத்தில், நீல வடிகட்டி வழியே எடுக்கப்பட்ட படங்களின் தொகுப்பு இது. வியாழனின் வட்டு படிப்படியாகப் பெரிதாகிறது. அடுத்தடுத்த மேகப் பட்டைகள் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன. பெரும் செம்புள்ளி தன் இடத்தில் நின்று சுழல, சிறு மேகங்கள் அதனை நெருங்கி இழுபட்டு விலகுகின்றன.

இக்காட்சியில் காணாமற்போன ஒன்று உண்டு: வியாழனின் தற்சுழற்சி. வியாழன் பத்து மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவான காலத்தில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் ஒரே நிலநிரைக்கோடு கலத்தை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு படம் என்ற கணக்கில் இப்படங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஆகவே கோள் சுழலாமல் நிற்பதுபோலவும், அதன் மேகங்கள் மட்டும் நகர்வதுபோலவும் தோன்றுகிறது. ஏறக்குறைய நான்கு வார காலம் சில நொடிகளில் சுருக்கப்பட்டுள்ளது.

அக்கலத்தில் ஒருவர் இருந்திருந்தால் அவர் கண்டிருப்பது யாது? வியாழனின் நடுக்கோட்டு விட்டம் ஏறக்குறைய 1,43,000 கி.மீ. படத்தொடர் தொடங்கிய தொலைவிலிருந்து அது, புவியிலிருந்து நாம் காணும் முழுநிலவின் அகலத்தில் கால் பங்கிற்குச் சற்று மிகுதியாகவே தோன்றும். தொடர் முடியும்போது ஏறத்தாழ அரைப்பங்கு. வெறுங்கண்ணுக்குச் சில பட்டைகள் புலப்படக்கூடும்; மேகச் சுழல்கள் புலப்படா. படத்தை எடுத்தது வாயேஜரின் குறுங்கோணக் கருவி. அதாவது ஒரு தொலைநோக்கி. மேலும், நீல வடிகட்டியில் செந்நிறம் கருமையாகவே பதியுமாதலால், செம்புள்ளி இத்தொடரில் கரும்புள்ளியாகிறது.

இவ்வாறு பகுத்துக் காண்பது இப்படக்காட்சியின் மதிப்பைக் குறைப்பதாகாது. சுழற்சியை நீக்கியதனால்தான் காற்றோட்டங்களின் திசையும் வேகமும் கண்ணுக்குப் புலனாயின. நீல ஒளி மேகங்களின் வேறுபாட்டை மிகுத்துக் காட்டியது. தெரிவு இங்கு அறிவைப் பெருக்கியுள்ளது. ஆயின் இதனை “வியாழனை நெருங்குகையில் காணும் காட்சி” என்று எழுதுதல் பொருந்தாது. “ஒரே நிலநிரைக்கோட்டின் நான்கு வாரக் காற்றோட்டப் பதிவு” என்பதே அதன் சரியான பெயர். பெயர் மாறும்போது வாசிப்பும் மாறுகிறது.

முகத் தெரிவு: நியூ ஹொரைசன்ஸின் புளூட்டோ

2006 ஜனவரி 19-இல் ஏவப்பட்ட நியூ ஹொரைசன்ஸ், 2015 ஜூலை 14-இல் புளூட்டோவை ஏறக்குறைய 12,500 கி.மீ. உயரத்தில் கடந்தது. கலம் புறப்பட்ட அதே ஆண்டில் புளூட்டோ குறுங்கோள் என மறுவகைப்படுத்தப்பட்டது. உலகெங்கும் பரவிய இதய வடிவப் படம் மீயண்மைக் காட்சியன்று. முந்தைய நாளில் ஏறக்குறைய 7,68,000 கி.மீ. தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது. கருவெள்ளைக் கருவியின் நுண்ணிய படத்தின்மேல், மற்றொரு கருவி தந்த குறைந்த நுண்மையுடைய நிறத் தகவல் இணைக்கப்பட்டது. அந்நிறக் கருவியில் நீலம், சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகியவற்றிற்கு வடிகட்டிகள் இருந்தன. பச்சைக்குத் தனி வடிகட்டி இல்லை. ஆகவே கண்ணுக்குரிய நிறம் கணித்துப் பெறப்பட்டதாகும்.

புளூட்டோ தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 6.4 நாள் ஆகிறது. கலமோ நொடிக்கு ஏறத்தாழ 14 கி.மீ. வேகத்தில் விரைந்தது. ஒரு முகத்தை மிக அருகில் கண்ட கலம், அதற்கு நேரெதிர் முகத்தை 3.2 நாள் முன்னதாக, ஏறக்குறைய 38 லட்சம் கி.மீ. தொலைவிலிருந்தே காண முடிந்தது. மீயண்மைத் தொலைவைப் போல் அது 300 மடங்கு. எனவே புளூட்டோவின் இரு முகங்களும் ஒரே நுண்மையில் நம்மை வந்தடையவில்லை. இதய வடிவம் கொண்ட முகமே புளூட்டோ என்று மனத்தில் பதிந்தமைக்குப் பயணக் காலக்கணக்கே முதற்காரணம்.

இங்குப் பாராட்டத்தக்க பதிப்பு நெறி ஒன்றும் உண்டு. புளூட்டோவின் தென்பகுதி அப்போது நீண்ட குளிர்கால இருளில் இருந்தது. வெளியிடப்பட்ட நிலப்படங்களில் அப்பகுதி கருமையாகவே விடப்பட்டது, ஊகத்தால் நிரப்பப்படவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. உ. வே. சாமிநாதையரின் 1894-ஆம் ஆண்டுப் பதிப்பில் தொடங்கும் பதிப்பு மரபு, அவ்விடங்களைப் புள்ளியிட்டு வெறுமையாகவே காட்டி வருகிறது. இல்லாததை இல்லை என்று காட்டும் அந்நெறியே புளூட்டோவின் நிலப்படத்திலும் காணப்படுகிறது. மாறாக, வாயேஜரின் படங்களில் கருவியின் அளவீட்டுக்காகப் பொறிக்கப்பட்டிருந்த கரும்புள்ளிகள், அருகிலுள்ள புள்ளிகளின் மதிப்பைக் கொண்டு நிரப்பப்பட்டு மறைக்கப்படுவது வழக்கம். பார்வைக்கு அது இடையூறற்றது. எனினும் நிரப்பப்பட்ட இடம் எது என்பதைப் படம் தானாகச் சொல்வதில்லை.

நிறத் திருத்தம்: வாயேஜர் 2-இன் நெப்டியூன்

இக்கட்டுரையின் மையச் சான்று இதுவே. வாயேஜர் 2, 1986 ஜனவரி 24-இல் யுரேனஸையும் 1989 ஆகஸ்டு 25-இல் நெப்டியூனையும் கடந்தது. இவ்விரு கோள்களையும் அருகிலிருந்து கண்ட விண்கலம் இன்றுவரை இது ஒன்றே. யுரேனஸ் வெளிறிய பசுநீல வட்டாகவும், நெப்டியூன் ஆழ்ந்த கருநீல உருண்டையாகவும் மக்கள் மனத்தில் பதிந்தன.

கருவி தனித்தனி வடிகட்டிகளின் வழியே கருவெள்ளைப் படங்களை எடுத்தது. அவற்றை இணைத்தே வண்ணப்படம் ஆக்கப்பட்டது. நெப்டியூனின் மேகங்கள், பட்டைகள், பெருங்கரும்புள்ளி ஆகியவை தெளிவாகத் தெரியும்பொருட்டு அதன் படங்களில் நிற வேறுபாடு மிகுத்துக் காட்டப்பட்டது. யுரேனஸின் படங்கள் இயல்பான நிறத்திற்கு நெருக்கமாக வெளியிடப்பட்டன. நிறம் மிகுக்கப்பட்ட செய்தி அக்காலக் கோளியல் அறிஞர்களுக்குத் தெரிந்ததே. படக்குறிப்புகளிலும் அது சுட்டப்பட்டிருந்தது. காலப்போக்கில் படம் பரவியது. குறிப்பு உடன் செல்லவில்லை.

2024 ஜனவரியில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் இர்வினும் உடன் ஆய்வாளர்களும் இச்சிக்கலை மீளாய்வு செய்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் சிலி நாட்டிலுள்ள மிகப்பெரும் தொலைநோக்கியும் தந்த நிறமாலைப் பதிவுகளைக் கொண்டு வாயேஜரின் படங்களைச் சமன்செய்தபோது, இரு கோள்களும் ஏறத்தாழ ஒரே வகையான வெளிறிய பசுநீல நிறத்தனவாகவே தோன்றின. நெப்டியூனில் நீலம் சற்று மிகுதி; அங்குள்ள மங்கற்படலம் மெலிதாக இருப்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இரண்டிலும் மீத்தேன் வளி செந்நிற ஒளியை உறிஞ்சுவதே நீலச்சாயலின் அடிப்படை.

இதனைப் பதிப்பியல் மொழியில் கூறலாம். 1989-ஆம் ஆண்டுப் படம் பிழையான பாடமன்று. குறிப்பிட்ட நோக்கத்திற்காக ஆக்கப்பட்ட, தன் நோக்கத்தை உரையில் அறிவித்த ஒரு பதிப்பு. உரை கழன்றபின் அப்பதிப்பு மூலமாகவே கொள்ளப்பட்டது. அதன்பின் “இரு கோள்களும் ஏன் இத்துணை வேறுபட்ட நிறம் கொண்டன” என்னும் வினா, உள்ளதைவிடப் பெரிதாக உருப்பெற்றது. சிறு வேறுபாடு உண்மையானது. அதன் பேரளவு பதிப்பால் விளைந்தது. புறநானூற்றின் பழைய உரை 266 பாடல்கள் வரையே கிடைத்துள்ளது. அதற்கப்பாலுள்ள பாடல்களைப் படிப்போர் தமக்குப் பழைய உரையின் துணை இல்லை என்பதையாவது அறிவர். குறிப்பு இழந்த நெப்டியூன் படத்தைக் காண்போர், தம்மிடம் இல்லாதது ஒன்று உண்டு என்பதையே அறியார். இடர் அங்கேதான் மிகுகிறது.

விலகு காட்சியின் புறக்கணிப்பு

அணுகு காட்சிக்குத் தரப்படும் முதன்மை மற்றொரு குறையையும் உடையது. வெளிக்கோள்களை நோக்கிச் செல்லும் கலம் பெரும்பாலும் சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து நெருங்குவதால், கோளின் ஒளிபட்ட முகத்தையே காண்கிறது. கடந்து சென்றபின் திரும்பிப் பார்க்கையில் அதே கோள் பிறைவடிவில் தோன்றுகிறது. வெளிக்கோள்களைப் பிறையாகப் புவியிலிருந்து ஒருபோதும் காண இயலாது. ஆகவே விண்கலம் தரும் உண்மையிலேயே புதிய தோற்றம் விலகு காட்சியே ஆகும். நெப்டியூனும் அதன் துணைக்கோளான டிரைட்டனும் பிறைகளாக அமைந்த வாயேஜரின் படம் இவ்வகையினது. நியூ ஹொரைசன்ஸ் மீயண்மைக்குப் பதினைந்து மணித்துளிகளுக்குப் பின் திரும்பி எடுத்த படத்தில், புளூட்டோவின் மலைகள் நீண்ட நிழல் வீழ்த்தி நிற்க, அவற்றின்மேல் மங்கற்படலங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. நேரொளியில் மறைந்திருந்த வளிமண்டலக் கட்டமைப்பு எதிரொளியில் வெளிப்பட்டது. கோளின் தோற்றத்தைப் பேசும் எழுத்து, வருகையை மட்டும் விவரித்து நின்றுவிடுவது நிறைவுடையதாகாது.

மறுப்பும் விடையும்

“மனிதக் கண் காண்பதே உண்மை என்று ஏன் கொள்ள வேண்டும்? கருவி கண்ணைவிட மிகுதியாகக் காண்கிறதே” என்னும் மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பு ஏற்கத்தக்கது. மிகுத்துக் காட்டும் படங்கள் இன்றி நெப்டியூனின் காற்றோட்டங்களை அறிந்திருக்க முடியாது. கண்ணின் பார்வையும் ஒரு கருவியின் பார்வையே. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் காட்டுதல் கூடாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

கண்ணின் பார்வையைக் குறித்த பிழைக் கருத்துகளும் இதனோடு களையப்பட வேண்டியவை. நெப்டியூனின் தொலைவில் சூரிய ஒளி, புவியில் கிடைப்பதில் ஏறக்குறைய 900-இல் ஒரு பங்கே. எனினும் அது புவியில் விழும் முழுநிலவொளியைப் போல் 400 மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே அங்குச் செல்பவர் இருளில் தடுமாறார். கோளின் வெளிறிய நிறத்தைத் தெளிவாகவே காண்பார். மிகுநிறப் படமும் “இருண்ட தொலைவுலகம்” என்னும் வருணனையும் ஒரே வகையான மிகைக்கூற்றின் இரு வடிவங்கள்.

தமிழ் எழுத்துக்கான முன்மொழிவு

ஆங்கில வழக்கை அடியொற்றிப் “பொய் நிறம்” என்று எழுதும் வழக்கு தமிழில் உண்டு. அச்சொல் இரு வகையில் பொருந்தாதது: பயனுள்ள ஓர் ஆய்வுமுறையைப் பொய் என்கிறது, ஏனைய படங்கள் அனைத்தும் மெய் என்னும் எண்ணத்தையும் உண்டாக்குகிறது. அதற்கு மாற்றாக மூன்று சொற்களைக் கையாளலாம்.

இயல்நிறம்: மனிதக் கண் காணக்கூடியதாகக் கணிக்கப்பட்ட நிறம். 2024-ஆம் ஆண்டு மீளாய்வில் வெளிவந்த நெப்டியூன் படம் இதற்குச் சான்று.

மிகைநிறம்: உள்ள நிற வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டுவது. 1989-ஆம் ஆண்டு நெப்டியூன் படம் இவ்வகை.

குறிநிறம்: நிறமல்லாத ஓர் அளவை நிறத்தால் குறிப்பது. மாரினர் 4-இன் சுண்ணக்கட்டி ஓவியம் இதன் தெளிவான முன்மாதிரி.

இச்சொற்களுள் ஒன்றும், படம் எடுக்கப்பட்ட நாளும், தொலைவும், பயன்பட்ட வடிகட்டியும் ஒவ்வொரு படத்தின் கீழும் இடம்பெறுமாயின், குறிப்பிழந்த படம் மூலமாக மாறும் நிலை பெரிதும் தவிர்க்கப்படும். பாடநூல், கலைக்களஞ்சியம், அறிவியல் கட்டுரை ஆகிய மூன்றிற்கும் இது பொருந்தும். இரு கோள்களின் நிறத்தை ஒப்பிடும் இடங்களில், இரு படங்களும் ஒரே வகை நிறத்தன என்பதை உறுதிசெய்தபின்னரே ஒப்பீடு தொடங்கப்பட வேண்டும்.

முடிவுரை

நெருங்கும் விண்கலத்திலிருந்து ஒரு கோள் எவ்வாறு தோன்றும் என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. எந்த நாளில், எத்தொலைவில், எந்த வடிகட்டியில், யாருடைய பதிப்பில் என்னும் துணைவினாக்களுடனேயே அது விடைபெறும். மாரினர் 4-இன் ஓவியத்தில் பதிப்புச் செயல் வெளிப்படையாக உள்ளது. வாயேஜர் 1-இன் படக்காட்சியில் அது அறிவைப் பெருக்கும் தெரிவாக அமைகிறது. புளூட்டோவின் நிலப்படத்தில் வெறுமை வெறுமையாகவே காட்டப்பட்டது. நெப்டியூனின் நிறத்தில், உரை கழன்ற பதிப்பு முப்பத்தைந்து ஆண்டுக் காலம் மூலமாக நின்றது.

இந்நான்கனுள் இறுதியானது தொழில்நுட்பக் குறையால் நேர்ந்ததன்று. படத்தை எடுத்தாண்டவர்கள் குறிப்பை எடுத்தாளாமையால் நேர்ந்தது. ஆகவே அதனைத் தவிர்க்கும் பொறுப்பு கலத்தை அனுப்புவோருக்கு மட்டும் உரியதன்று. சுவடிப் பதிப்பில் பாடவேறுபாட்டை அடிக்குறிப்பாகத் தருவதைக் கடமையாகக் கொண்ட ஆய்வு மரபு, தன் நூல்களில் இடம்பெறும் கோள்படங்களுக்கும் அக்கடமையை விரிவுபடுத்துதல் வேண்டும்.